வீட்டுக்காரர்

பத்துக்குப் பத்து அறை.
அட்வான்ஸ் முப்பதாயிரம், தண்ணி தனி.
காசிமேட்டில் இருபத்திரண்டு வருஷமாக
வேறொருத்தர் சுவருக்குள்தான் இருக்கிறோம்.
என் வீட்டுக்காரரை நான்
வீட்டுக்காரர் என்று சொல்லும்போதெல்லாம்
கீழ்வீட்டு ஓனரம்மா சிரிப்பாள்.

மீன் வெட்டுகிறவள் நான்.
செவுளைத் தூக்கினால் போதும்,
எத்தனை நாள் ஐஸில் கிடந்தது என்று சொல்லிவிடுவேன்.
மனுஷ முகத்தில்
அப்படித் தூக்கிப் பார்க்க ஒரு மடல் இல்லை.
இருந்திருந்தால் எட்டு மாசம் போயிருக்காது.

சைனஸ் என்றார் தெருமுனை மெடிக்கல்காரர்.
தூசி என்றும் அவரே சொன்னார்.
முப்பது வருஷமாகத் தேக்கில் உப்புத்தாள் தேய்க்கிறவர் மூக்கில்
தூசி இல்லாமல் வேறென்ன இருக்கும்.
நொச்சி ஆவி. மஞ்சள் புகை.
சொட்டு மருந்து ஒரு பாட்டில் முடிய ஒரு பாட்டில்.
தலையணை உறையைத் துவைக்கிறவள் என்பதால்
எனக்கு மட்டும் தெரிந்தது,
கறை எப்பவும் ஒரே பக்கம். இடது.
சளி பிடித்தால் ரெண்டு வாசலும்தானே அடைக்கும்?

பிறகு ஒரு ராத்திரி
மணலிப் பக்கமிருந்து காற்று திரும்பியது.
முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு
தெருவே வெளியில் நின்றது. பிள்ளைகள் குமட்டின.
அவர் மட்டும் மாடிப்படியில் உட்கார்ந்து
என்ன ஆச்சு எல்லாருக்கும் என்றார்.

ஸ்டான்லி. ஆறரைக்கே வரிசை.
ஓ.பி. சீட்டில் தேவசகாயம், 51, ஆண், தச்சு.
அந்தக் கடைசி வார்த்தையில்
டாக்டர் பொண்ணு பேனாவை நிறுத்தினாள்.
எத்தனை வருஷம், முகத்தில் துணி கட்டுவாரா என்றாள்.
அப்புறம் சீட்டின் பின்பக்கம்
ஒரு முகம் வரைந்து
அதற்குள் அறை கட்டினாள்.

கன்னத்தில் ரெண்டு. நெற்றியில் ரெண்டு.
கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே
தேன்கூடு மாதிரி இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று.
உள்ளே, மண்டைக்கு அடியில், இன்னும் ரெண்டு.
எல்லாம் காலி. காற்றுதான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, மாதாவே.
எட்டு அறைக்கு வீட்டுக்காரராக இருந்திருக்கிறார் இந்த ஆள்,
எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல்.

காலியா இருக்கிறதுதான் சிக்கல் என்றாள்.
ஒன்று குடிவந்தால் சத்தம் கேட்காது.
இடம் இருக்கிறவரை வளரும்,
இடம் தீர்ந்தபிறகுதான் சுவரைத் தட்டும்.
கண்ணில் நீர். மேல்பல் ஆட்டம்.
கன்னத்தில் மரத்துப்போன ஒரு காசளவு இடம்.
எல்லாக் கட்டியும் புற்று இல்லைம்மா.
நுங்குச் சுளை மாதிரி வழவழவென்று தொங்குவதும் உண்டு,
அது பெரும்பாலும் ரெண்டு பக்கமும் வரும்.
ஒரு பக்கம் மட்டும் என்றால்
பார்த்த மாத்திரத்தில் சொல்லக்கூடாது,
கிள்ளி எடுத்து அனுப்பித்தான் சொல்லணும்.

குழாய் கேமராவை நுழைத்தார்கள்.
திரையில் ஈரமாக ஒரு நடை,
அதன் கோடியில் ஒரு சிவப்பு.
செவுளைத் தூக்கியது போலத்தான் இருந்தது,
ஆனால் எனக்குப் படிக்கத் தெரிந்த சிவப்பு இல்லை அது.

இடது தேன்கூட்டில் என்றார்கள், பதினோரு நாள் கழித்து.
மூளைக்குக் கீழ்ச் சுவர் இன்னும் நிற்கிறது.
மூக்கு வழியாகவே எடுக்கலாம்,
அப்புறம் கரண்ட் வைக்கணும்.
வாசனை திரும்புமா என்று அவர் கேட்டார்.
என் மீன்குழம்புக்காக இல்லை.
தேக்கை இழைக்கும்போது வருமே, அதற்காக.
டாக்டர் பொண்ணு
பதில் சொல்ல நேரம் எடுத்தாள்.

நேற்று பாக்கிக் கூலி வாங்க
தண்டையார்பேட்டைப் பட்டறைக்குப் போனேன்.
மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.
புருவம் வரைக்கும் பொன்தூளோடு பையன்கள்.
பணத்தை எண்ணி இடுப்பில் செருகிவிட்டு
சத்தத்துக்கு மேலே கத்தினேன்,
உங்கள்ல யாருக்குடா மூக்கடைப்பு?
பாதிப் பேர் சிரித்துக்கொண்டே கை தூக்கினார்கள்.
ரெண்டு பக்கமா, ஒரு பக்கமா?

பாலிஷ் போடும் நூருல்லா
சிரித்தபடியே கட்டைவிரலால்
வலது துவாரத்தை அழுத்தி மூச்சை இழுத்தான்.
பிறகு இடது.
பிறகு, மறுபடியும் வலது.