மூன்றாம் பிரிவு, இலக்கம் இரண்டு

வீட்டை வாங்க ஆள் வந்தாயிற்று.
ஹாகன் நகரம், ஹாஸ்பே பக்கம், தண்டவாளத்தை ஒட்டி
நாலு அறை, ஒரு நிலவறை, ஈரம் ஊறிய ஒரு சுவர்.
விலை பேசி, கைகொடுத்து,
நோட்டரி தோம்பைத் திறந்தபோதுதான் கண்டோம்,
மூன்றாம் பிரிவில் அது உட்கார்ந்திருந்தது:
நாற்பத்தையாயிரம் ஜேர்மன் மார்க்.
ஈடு பிடித்தவர்: ஹில்ட்ரூட் ஓஸ்டர்காம்ப், விதவை.

அப்பா போய் ஒன்பது மாதம்.
ஓஸ்டர்காம்ப் போய்ப் பதினேழு வருடம்.
மார்க் போனது அதற்கும் முன்னால்.
செத்த மூவரும் சேர்ந்து
ஒரு கடனை உயிரோடு வைத்திருந்தார்கள்.

"கட்டி முடித்துவிட்டார்" என்றேன்.
"இருக்கலாம்" என்றார் நோட்டரி.
"தோம்புக்குத் தெரியாது."

தோம்புக்குத் தெரிவிக்க
உரியவர் கையெழுத்து வேண்டும், ஈட்டுப் பத்திரம் வேண்டும், அசல்.
உரியவர் இப்போது ஒரு பெறாமகன்,
மூன்ஸ்டரில் பல் வைத்தியர், உல்ரிச்.
பத்திரமும் அவரிடம்தான், ஒரு பிஸ்கட் பேணிக்குள்.
தொலைபேசியில் குரல் குளிரவுமில்லை, சுடவுமில்லை.
"கட்டியதற்கு என்ன அத்தாட்சி?
பதினைந்து வீதம் வட்டி என்றும் எழுதியிருக்கிறதே."
பிறகு கொஞ்சம் பேசாமல் இருந்தார்.
அந்த இடத்தில்தான் எனக்கு முகம் எரிந்தது.
அகதியின் மகள் என்று அவர் சொல்லவில்லை.
நானாகக் கேட்டுக்கொண்டேன்.

மூன்று நாள் தேடினேன்.
'வோஷிங் மிஷின்' என்று அப்பா எழுதிய கோப்புக்குள்
உத்தரவாதச் சீட்டுகளோடு சீட்டாக
ஒரு நீலக் கொப்பி. மனுசியின் எழுத்து.
முதல் பக்கம்: வட்டி இல்லை. பனி அள்ளுவார்.
பிறகு 92 மே, நானூறு. யூன், நானூறு. யூலை, நானூறு.
ஏழு வரும் இடமெல்லாம் இடுப்பில் ஒரு கோடு.
95 நவம்பர்: இல்லை.
டிசெம்பர்: இல்லை.
ஓரத்தில் ஒரே சொல், யாழ்ப்பாணம்,
இரண்டு எழுத்துப் பிழையோடு.
அந்தக் குளிரில் அப்பா யாருக்குக் காசு அனுப்பினார்,
போய்ச் சேர்ந்ததா,
கொப்பியில் இல்லை.
97 மார்ச்: பாதி. 'பையன். மூன்று கிலோ நானூறு.'
அது தம்பி.
2001 நவம்பர்: நானூறு. கீழே இரட்டைக் கோடு. முடிந்தது.

குசினி மேசையில் கூட்டிப் பார்த்தேன்.
நூற்றுப் பன்னிரண்டு நானூறு, ஒரே ஒரு இருநூறு.
ஒரு மார்க் கூடவுமில்லை, குறையவுமில்லை.

பிறகும் ஏன் மீட்காமல் விட்டார்?
நோட்டரிக் கூலி மிச்சம் என்று நினைத்தாரோ,
கையெழுத்துக் கேட்டால்
நம்பாத மாதிரி என்று நினைத்தாரோ.
இரண்டும் அவர்தான்.

பக்கங்களைப் படம் பிடித்து அனுப்பிய இரவே பதில் வந்தது:
"பெரியம்மாவின் ஏழுதான்.
செவ்வாய்க்கிழமை கையெழுத்திடுகிறேன்.
அந்த வருடங்களில் அவர் வாசலில் பனி அள்ளியது யார் என்று
எங்களில் ஒருவரும் கேட்டதில்லை."

ஆறு கிழமை போய்ப் புதிய பிரதி வந்தது.
ஈடு நீங்கியது, ஆனால் போகவில்லை.
இந்த நாட்டில் அழிப்பதென்றால்
எழுத்துக்குக் கீழே சிவப்பாக ஒரு கோடு.
பெயர், தொகை, விதவை என்ற சொல்,
எல்லாவற்றையும் இன்னும் வாசிக்கலாம்.

தம்பி தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தான்.
மார்க்கைத் தொட்ட ஞாபகம் அவனுக்கு இல்லை.
"ஒரு மார்க் என்னத்துக்குக் காணும், அக்கா?"
கடை வாசலில் தள்ளுவண்டிலைக் கழற்ற
ஒன்று காணும் என்றேன்.
"வண்டிலைத் திருப்பி விட்டால்?"
"காசு திரும்பி வரும்."