ஐந்து நிமிடம் சும்மா

குடியாத்தம், நெல்லூர்ப்பேட்டை. சித்திரை மாதம்.
பத்து மணிக்கே கூரைத் தகரம் வேகிறது.
என் பையில் மூன்று பட்டைகள்:
பொடிசு கைக்கு, நடுத்தரக் கைக்கு, பருத்த கைக்கு.
அளவு தப்பினால்
பட்டை கூசாமல் பொய் சொல்லும்.

ஒன்பது வயது மோகித்துக்கு
நூற்றுக்கு அறுபது.
"அறுபதுதானா?" முகம் சுருங்கிவிட்டது.
மார்க் இல்லடா இது.
உன் வயசுக்கு இதுவே சரி, ஓடு.

நசீமாவுக்கு ஏழாம் மாதம்.
போன முறை நூற்றுப் பத்துக்கு எழுபது,
இன்று நூற்று ஐம்பதுக்கு நூறு.
கொலுசு கணுக்காலில் புதைந்திருக்கிறது.
"வெயிலுக்குத் தலைவலிக்கா" என்கிறாள்.
வெயில் இல்லை இது.
அவள் பேசி முடிப்பதற்குள்
ஆட்டோவுக்குச் சொல்லிவிட்டேன்.

எழுபத்தெட்டு வயது தணிகாசலத்துக்கு
மேலே நூற்று அறுபத்தெட்டு, கீழே எழுபதுதான்.
மோட்டார் போட்டதும்
பழைய இரும்புக் குழாய் அதிருமே, அப்படி.
எழுந்து நின்றார்.
மேல் எண் முப்பது சரிந்தது;
சுவர் அவரைப் பிடித்துக்கொண்டது.
ஏறினாலும் பயம், இறங்கினாலும் பயம்,
மாத்திரையைக் கூட்டுவதா குறைப்பதா
டாக்டர்தான் சொல்லவேண்டும்.

கடைசி வீடு அம்சவேணி. நாற்பத்து நாலு.
மடியில் முறம், இலை, தூள், சிவப்பு நூல்.
சுற்றிக்கொண்டே இடக்கையை நீட்டினாள்:
நூற்று அறுபத்திரண்டுக்கு நூறு.
இது கணக்கில் வராது என்றேன்.
முறத்தை இறக்கு.
முதுகு சுவரில், பாதம் தரையில்,
கை நெஞ்சு உயரத்தில்.
ஐந்து நிமிடம் சும்மா இரு. பேசாதே.

"சும்மான்னா?"

ஒரு வேலையும் இல்லாமல்.

சிரித்தாள். கண்ணை மூடினாள்.
முதல் நிமிடம் விரல்கள் மட்டும்
இல்லாத இலையைச் சுற்றின.
மூன்றாம் நிமிடம் அதுவும் நின்றது.
நாலாவதில்
வாய் லேசாகத் திறந்து, தலை சாய்ந்து
தூங்கிவிட்டாள்.

தூங்குகிறவளின் எண்
ரெஜிஸ்டருக்கு ஆகாது.
எழுப்பி, மறுபடி உட்காரவைத்து, அளந்து எழுதவேண்டும்.
முறைப்படி அதுதான்.

பட்டையை ஒட்டுப்பிரித்தால் சத்தம் வரும்.
அதனால் இன்னும் சுற்றவே இல்லை.
'அம்சவேணி: மாலை மீண்டும்' என்று எழுதினேன்.
இலை காய்ந்துவிடாதிருக்க
ஈரச் சாக்கை அதன்மேல் இழுத்துவிட்டு
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு
வெளியே வந்தேன்.