டயர் கத்தாத சுற்று

கிருஷ்ணகிரி பைபாஸ் ஓரம்
மாம்பழக்கூழ் ஆலையாக இருந்த கொட்டகை.
இப்போது உள்ளே ஒன்பது கோ-கார்ட்,
பழைய டயர் அடுக்கிய சுவர்,
ஒரு சுற்று இருநூற்றெழுபது மீட்டர்.
மழை பெய்தால் இன்னும்
பெட்ரோல் புகைக்கு அடியில்
பெங்களூரா மாம்பழம் லேசாக மணக்கும்.

செவ்வாய்க்கிழமை பாதி விலை.
எனக்கும் செவ்வாய்தான் வார விடுப்பு.

மற்ற ஆறு நாளும் சுங்கச்சாவடி,
நான்காவது கூண்டு.
எட்டு மணி நேரம்
ஊர் உலகமெல்லாம் என் முன்னால் வந்து பிரேக் அடிக்கும்.
நான் மட்டும் நகர்வதில்லை.

முதல் செவ்வாய்
வளைவுக்கு வளைவு டயர் கத்தியது.
ஸ்டியரிங்கை முறுக்க முறுக்கப் பின்பக்கம் வழுக்கியது.
அடேங்கப்பா, என்ன வேகம் என்று
ஹெல்மெட்டுக்குள் தனியாகச் சிரித்தேன்.
தாளில் அச்சாகி வந்தது:
மாதேஸ்வரி, முப்பத்தாறு புள்ளி நாலு.
எனக்குக் கீழே
பிறந்தநாள் கொண்டாட வந்த ஓர் ஆறாம் வகுப்பு மட்டும்.

மேலே, வெகு மேலே, கௌசர்.
ரவுண்டானா பக்கம் மொபைல் கவர் விற்பவள்.
என்னைவிடப் பதினைந்து கிலோ கூடுதல்.
எடையைச் சாக்குச் சொல்லவும் வழியில்லை.

வண்டியைக் குறை சொன்னேன்.
ஏழாம் நம்பர் இழுக்கவே இல்லை என்றேன்.
கொடி ஆட்டும் திம்மராஜ் அதே ஏழில் ஏறி
சட்டைப்பைப் பேனாவைக்கூட எடுக்காமல்
ஒரு சுற்று போய்வந்தான்.
முப்பத்தொன்று.
ஒன்றும் பேசவில்லை. பேனாவை நேராக்கிக்கொண்டான்.

புதன்கிழமை, கூண்டில் உட்கார்ந்து
முதல் தடவையாகப் பார்த்தேன்.
கார்கள் கடைசி நொடியில் மிதிக்கும்;
மூக்கு தரையைக் குத்தும்,
பின்சீட்டுப் பை முன்னால் வந்து விழும்.
கிரானைட் ஏற்றிய லாரி அப்படியில்லை.
தூரத்திலேயே, நேராக வரும்போதே,
தன் பாரத்தை முன்சக்கரத்தில் மெல்ல இறக்கிவைக்கும்.
அப்புறம்தான் என் பாதைக்கு ஒடிக்கும்.
தடுப்புக்கட்டை எழுந்ததும்
நிற்கவே நிற்காதது போல உருண்டு போகும்.

அடுத்த செவ்வாய் லாரியாக ஓட்டினேன்.
நேரில் பிரேக். காலை எடு. திருப்பு.
புத்திக்குப் புரிந்தது, காலுக்குப் புரியவில்லை.
இரண்டு மிதியையும் ஒன்றாக அழுத்தி
எஞ்சின் இருமி நின்றது.
கௌசர் கையாட்டிவிட்டுக் கடந்தாள்.

மூன்றாவது வளைவுதான் எனக்குக் கண்டம்.
கூழ் கொதித்த அண்டா இருந்த இடம்,
தரையில் இன்னும் வட்டமாக ஒரு சிமெண்ட் வடு.
அங்கே சுவரைப் பார்ப்பேன். சுவருக்கே போவேன்.
விலாவில் கத்தரிப்பூ நிறத்தில் கன்றிப்போனது.
கூண்டுக் கதவு இடித்துவிட்டதென்று
வீட்டில் சொல்லிவைத்தேன்.

ஒரு நாள் கௌசருக்குப் பின்னாலேயே ஒட்டிப் போனேன்.
வண்டி திரும்புமுன் அவள் ஹெல்மெட் திரும்பியது,
யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி.
சுவர் என்று ஒன்றை
அவளுக்கு யாரும் அறிமுகப்படுத்தவே இல்லை போல.

ஐப்பசி, ஆறாவது செவ்வாய்.
தகரக் கூரையில் மழை; எஞ்சின் சத்தமே கேட்கவில்லை.
அகலமாக உள்ளே போய்
இடது சக்கரத்தால் அந்த வடுவை உரசி
வெளிச்சுவர் வரை வண்டியை அதன் போக்கில் விட்டேன்.
ஸ்டியரிங்கில்
நூறு ரூபாய்த் தாள் பிடிக்கிற அளவுக்கே விரல்.
டயர் கத்தவில்லை.
சே, தூங்கிவிட்டேன், இந்தச் சுற்று வீண்
என்று நினைத்துக்கொண்டே இறங்கினேன்.

தாளில்: முப்பத்தொன்று புள்ளி சுழியம் ஒன்பது.

அத்தனை நாள் கத்தியது வேகம் இல்லை.
வேகம் என்னைவிட்டுப் போன சத்தம்.

கௌசர் அன்றைக்கு முப்பது புள்ளி ஆறு.
என் தாளை மடித்து மொபைல் கவருக்குள் செருகினேன்.
அவள் கடைக் கவர்தான்.
பத்து ரூபாய்கூடக் குறைக்கவில்லை.

மறுநாள் காலை என் கூண்டில்
வெள்ளைக் கார் ஒன்று கிறீச்சென்று வந்து நின்றது.
கண்ணாடியை இறக்கி
என்ன, பார்த்தாயா என்பது போலப் பார்த்தார் ஓட்டியவர்.
பார்த்தேன்.
ரசீதை நீட்டினேன்.