பன்னிரண்டு நிமிசம்

ஈரலில் மூன்று பொட்டு.
குடலில் இருந்ததை வெட்டியாயிற்று;
அது முன்னமே இங்கே ஆள் அனுப்பியிருக்கிறது.

ஊசி. அதன் நுனியில் சூடு. பன்னிரண்டு நிமிசம்.
கொழும்பு டொக்டர் கடதாசியில் கீறிக் காட்டினார்.
பொட்டைச் சுற்றி ஒரு சென்ரிமீற்றர்
நல்ல ஈரலும் சேர்ந்து வேகுமாம்.
வேகத்தான் வேணுமாம்.

எனக்கு விளங்கும்.
கொட்பேயில் இருபத்தாறு வருசம்
றோலர்களுக்கு டீசல் தாங்கி ஒட்டினவன்.
சூடு ஒருநாளும் கீறின கோட்டில் நிற்காது,
பக்கத்துத் தகடு நீலம் பாரிக்கும்.
பிறகு வெடிக்கிறதும் அந்த நீலத்தில்தான்.
இதை டொக்டரிடம் சொல்லவில்லை.

இன்று கன்னியா.
தவமலர் ஏழு கிணற்றிலும் அள்ளி ஊற்றிக்கொண்டாள்.
காயம் நனையக்கூடாதென்று
எனக்கு வாளிக்கு வாளி கை மட்டும்.
அம்மாவின் முப்பத்தோராம் நாளுக்கு வந்தது;
அன்றைக்கு எல்லாம் ஒரே சூடாகத்தான் கிடந்தது.

இன்றைக்கு நாலாவது சுட்டது.
ஆறாவது,
காய்ச்சல் விட்ட பிள்ளையின் நெற்றி.

"அதுக்குள்ள என்ன தேடுறியள்?" என்றாள்,
தலையைத் துவட்டியபடி.
மார்கழியில் ஸ்கான்.
கையை எடுக்கவில்லை நான்.