நிறுவை

இருபத்தாறு வருஷம் சுன்னாகம் சந்தையில்
வெங்காயம் நிறுத்தவன் நான்.
என்னை ஆரும் நிறுத்ததில்லை,
தெல்லிப்பழைக் கிளினிக்கில் அந்தத் தாதி
செருப்பைக் கழற்றச் சொல்லும்வரை.
தொண்ணூற்று மூன்றரை.
இரண்டு மூட்டைக்குக் கொஞ்சம் குறைவு.

கழுத்தில் புளியங்கொட்டை அளவில் தொடங்கியது.
நெறி கட்டியிருக்கு என்றாள் மனைவி.
பல்லைப் பிடுங்கினால் போகும் என்றார்
பக்கத்துக் கடை அமிர்தநாதர்.
பல் போனது.

நிணநீர்ப் புற்று.
நிணமென்றால் கொழுப்பாம்,
மகள் அகராதி பார்த்துச் சொன்னாள்.

டொக்டர் நிரூபமா கார்டைத் திருப்பிக் காட்டினா:
“தவபாலசிங்கம், இதில தவபாலசிங்கன்.
உடம்புக்குள்ளயும் இப்பிடி அங்கங்க ஓரெழுத்து மாறியிருக்கும்.
அநேகமா ஒண்டும் நடக்காது.
சில எழுத்தோட நிறையும் ஏறினால்
ஆபத்துக் கூடலாமெண்டு ஆராய்ச்சியில காணினம்.
தனித்தனியப் பார்த்தால் சின்னன்.”

எனக்குத் தெரிந்த ஒன்று இருந்தது.
தண்டு மயிரிழை வளைந்த தராசு
வெறுமையாய்த் தொங்கும்போது நேராய்த்தான் நிற்கும்.
பத்துக் கிலோ ஏற்றினால்தான் பொய் சொல்லும்.
அதுவோ டொக்டர்?

பேனையை வைத்துவிட்டுச் சிரித்தா.
“கிட்டத்தட்ட. ஆனா உங்களுக்கு
இதாலதான் வந்ததெண்டு நான் சொல்லமாட்டன்.
இதே எழுத்தும் இதே நிறையுமா
எத்தினையோ பேர் சுகமா இருப்பினம்.
காஞ்ச மனுசருக்கும் வரும்.”

தொண்ணூற்றைந்தில் நாவற்குழிப் பாலம் கடந்தபோது
நாற்பத்தாறு கிலோ இருந்திருப்பேனோ என்னவோ.
பிறகு பாதை திறந்தது, மாவும் சீனியும் வந்தன,
சந்தைக்கு எதிரே பேக்கரி வந்தது.
ஒரு பணிஸை வேண்டாமென்று சொல்ல
எனக்கு வாய் வரவேயில்லை.
பசித்த காலத்துக்கு வட்டி கட்டுகிறவன்போலத் தின்றேன்.
அதை எந்தத் தட்டில் வைப்பார்கள்?

இரவு நோர்வேக்கு எடுத்தேன்.
தம்பி மீன் தொழிற்சாலையில்.
ஒரே தாய், ஒரே தகப்பன்;
அந்த எழுத்து அவனுக்கும் இருக்கலாம்,
என்னிலேயே இல்லாமலும் இருக்கலாம்.
படங்களில் அவன் சட்டைப் பொத்தான் திணறுவதை
எத்தனை தரம் பார்த்துச் சிரித்திருக்கிறோம்.

நோயைச் சொல்லத்தான் வாயெடுத்தேன்.
வந்தது வேறு.
“நீ எத்தினை கிலோடா?”

“நாளைக்கோ?” என்றான்,
பின்னால் தண்ணீர் பீச்சும் சத்தம்,
“எண்ணூறு வெட்டுவன் அண்ணை. ஏன் கேக்கிறாய்?”