கீல்

மூன்று மழைக்காலமாக எங்கள் சமையலறையில்
ஒரு திருடன் உயிரில்லாமல் உட்கார்ந்திருந்தான்.
பெயர் பெலிசாரியோ.
மீனவர் கூட்டுறவில் கணக்கு எழுதுகிறவன்.
விதவைகளின் பணத்தை
ஐந்தும் பத்துமாக உருவியவன்.
என் மனைவி ஒதிலியா எழுதும் நாவலில்
அதுதான் அவன் வேலை.

அவனுக்கு இடது புருவத்தில் ஒரு தழும்பு கொடுத்தாள்.
குடிகார அப்பாவைக் கொடுத்தாள்.
போதாதென்று சதுரங்கப் பைத்தியம்,
செத்துப்போன ஒரு காதலி.
கொடுக்கக் கொடுக்க
துணிக்கடைப் பொம்மை மாதிரி
எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு நின்றான்.

நான் படகு எஞ்சின் பழுதுபார்க்கிறவன்.
புத்தகம் பற்றி எனக்கென்ன தெரியும்?
ஆனாலும் ஒரு ராத்திரி சொன்னேன்:
"வால்திவியாவில் இருக்கிறான், சரி.
நாற்பது பக்கமாக மழை பெய்கிறது.
இவன் காலுறை ஒருமுறைகூட நனையவில்லையே."
விறகடுப்பின் கதவை
அவள் சாத்திய சாத்தலில்
கெட்டில் குதித்தது.

அதன் பிறகு தொடங்கின கேள்விகள்.
அவனைக் கேட்பதாகச் சொல்லி
என்னைக் கேட்டாள்.
நனைந்த காலுறையை எங்கே காயப்போடுவான்?
தராசில் ஒரு மீன் கூடுதலாக விழுந்தால்
வாயைத் திறப்பானா?
யாரைக் கண்டால் தெருவின் அந்தப் பக்கம் போவான்?
எந்தப் பொய்யைச் சொல்லிச் சொல்லி
தானே நம்பிவிட்டான்?
திருடிய காசில் முதலில் வாங்கியது என்ன,
அதை எங்கே ஒளித்தான்,
ஒளிக்க வேண்டியதே இல்லாத பொருளாக இருந்தாலும்?
தெரியாது என்றேன்.
அதையும் குறித்துக்கொண்டாள்.

ஜூலையில், அத்தியாயம் பதினொன்று.
பெலிசாரியோவின் அண்ணன் செத்துப்போகிறான்.
தேவாலயத்தில் எல்லோரும் அழுகிறார்கள்.
இவன் சவப்பெட்டியருகே போய்
மூடியின் கீலை
ஆள்காட்டி விரலால் மெல்லத் தள்ளிப் பார்க்கிறான்,
எண்ணெய் விட்டிருக்கிறார்களா என்று.

தாளைக் கீழே வைத்தேன்.
அது என் விரல்.
என் அண்ணன் எவாரிஸ்தோ.
நான்கு வருடம் முன்னால், கொர்ராலில்.
யாரும் பார்க்கவில்லை என்றல்லவா நினைத்திருந்தேன்.

இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.
மீன்சந்தைப் படித்துறையில் நின்று
வெட்டி எறிந்த மீன்தலைகளுக்காகக்
கடல்சிங்கங்கள் அடித்துக்கொள்வதைப் பார்த்தேன்.
ஒரு திருடனுக்குக் கொடுக்க
என் விரல்தானா கிடைத்தது?

மூன்றாம் நாள், கோபம் ஆறாமலேதான்,
மீதியைப் படித்தேன்.
அடக்கம் முடிந்த மத்தியானமே தணிக்கையாளர் வருகிறார்.
பேரேட்டைத் திறக்கிறார்.
எச்சில் தொட்டுப் புரட்டுகிறார்.
எனக்கு உள்ளங்கை வியர்த்தது.
அந்தப் பக்கத்தைத் திருப்பாதே ஐயா என்று
வாய்விட்டே சொல்லிவிட்டேன்.
விதவைகள் ஞாபகத்திலேயே இல்லை.
தழும்பும் இல்லை;
அதை அவள் எப்போதோ அடித்துவிட்டிருந்தாள்.

பிறகு அன்றிரவு பெலிசாரியோ
கல்லறைத் தோட்டத்துக்குத் திரும்பிப் போய்
ஈர மண்ணில் முகம் புதைத்து அழுகிறான்.

"போகமாட்டான்" என்றேன்.

காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தாள்.
"பின்னே?"

"வீட்டுக்கு வருவான்.
சட்டியில் நேற்றைய காசுவேலா இருக்கும்.
சூடாக்காமலே சாப்பிடுவான்.
இரண்டு தட்டு.
சோளக்கட்டையைக்கூட விடாமல் உறிஞ்சுவான்.
வாழ்நாளில் அவ்வளவு ருசியாக
அவன் எதையும் தின்றதில்லை.
திருட்டைக்கூட ஒருநாள் ஒப்புக்கொள்வான்,
இதை மாட்டான்."

தகரக் கூரையில் மழை.
எழுதினாள். தலை நிமிரவில்லை.
உனக்கு எப்படித் தெரியும் என்று
கேட்கவும் இல்லை.
அடுப்புக் கம்பியில் என் காலுறைகள்
ஆவி விட்டுக்கொண்டிருந்தன.