நயாஸ் முன்னாலேயே சொன்னார்

ஜே.சி. ரோட்டில் டயர் மாட்டிய நயாஸ்
முன்னாலேயே சொல்லிவிட்டார்:
"சத்தம் வரும் மேடம். மைலேஜ் ஒன்றரை குறையும்.
அப்புறம் என்னைத் திட்டக் கூடாது."

வந்தது.
எண்பதைத் தொட்டால் வண்டிக்கு அடியில்
ஒரு குளவி கூடு கட்டத் தொடங்கும்.
பாட்டை நிறுத்திவிட்டு அதைக் கேட்கப் பழகினேன்.
டீசல் கணக்கு எழுதுவதை விட்டேன்.

சகலேஷ்புரச் சேற்றில்
இரண்டு கார்கள் சக்கரம் சுழற்றி நிற்க
நான் மட்டும் ஏறி வந்த சாயங்காலம் உண்டு.
நாலு வருஷத்தில் அது ஒன்று.
மற்றபடி சில்க் போர்டு. முதல் கியர்.
ஆட்டோக்காரர் டயரைப் பார்த்து,
"எந்தக் காட்டுக்கு மேடம்?"
"எலக்ட்ரானிக் சிட்டி."

இன்று ஞாயிறு. பேஸ்மென்டில் குந்தி
திருப்புளியால் டயர் இடுக்கைக் கிண்டுகிறேன்.
ஜல்லி. ஜல்லி. மெட்ரோ தூணுக்குக் கொட்டிய ஜல்லி.
ஒரு பச்சைக் கண்ணாடித் துண்டு,
பெல்லந்தூரில் தண்ணீர் ஏறிய இரவினுடையது.
அன்று வண்டிக்குள் ஏழு பேர்,
தரைத்தள பிரதீப் ஷெட்டி மடியில் மீன்தொட்டி.
இந்த டயரைக் கேலி செய்தவர்தான்.
ஈரத்தில் பிரேக் போட்டால்
கொஞ்சம் தள்ளித்தான் நிற்கும் என்பதை
அவரிடம் நான் சொல்லவில்லை.

பின் இடது டயரில்
சுண்டுவிரல் நகமளவு ஒரு சிவப்பு.
மலைக்கல்லா,
யாரோ இடித்த வீட்டின் செங்கல்லா?
சுரண்டிப் பார்த்தேன், தெரியவில்லை.
வாட்ச்மேன் ஹனுமய்யா குனிந்து,
"ஜாஸ்தி தேயலம்மா, இன்னும் இருபதாயிரம் ஓடும்" என்றார்.

அதை மட்டும் எடுக்கவில்லை.